பாய்க்கப்பலும் பள்ளிப்பலகையும்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களும் 1826-இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, அவற்றை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அங்கு வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது என்பது பற்றிச் சொல்லத்தக்க கொள்கை எதுவும் இருக்கவில்லை. அப்படி இருந்தும் அந்தத் துறைமுகங்கள், குறிப்பாகச் சிங்கப்பூர், எழுத்தையும் கணக்கையும் நம்பியே இயங்கின. பருவக்காற்றோடு வரும் சரக்குக்குப் பல மாதங்களுக்கு முன்பே கடன் கொடுத்து, காற்று திரும்பியபின் அதை வசூலித்து, மூன்று நான்கு மொழிகளில் சீட்டெழுதிக் கைமாற்றிய வணிகம் அது. அந்த எழுத்தும் கணக்கும் எங்கே கற்கப்பட்டன என்று தேடினால், அரசு பிற்காலத்தில் 'பள்ளி' என்று பதிவேட்டில் குறித்த இடங்களில் அவை பெரும்பாலும் கற்கப்படவில்லை என்பது தெரியவரும். கோயிலை ஒட்டிய கூடம், பாட்டியின் வீட்டுத் திண்ணை, கப்பலின் பின்தளம், வட்டிக்கடையின் பெட்டியடி ஆகியவையே துறைமுகத்தை நடத்திய கல்வியின் இடங்களாக இருந்தன. பிறகு அரசே கிராமங்களில் பள்ளி கட்ட முன்வந்தபோது, துறைமுகத்தை நோக்கி இட்டுச்செல்லாத கல்வியையே, தெரிந்தே, அது தேர்ந்தெடுத்தது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்சீனக் கடலில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்கிலிருந்தும், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் வீசும் பருவக்காற்றுகளே பாய்க்கப்பல் காலத்தின் பஞ்சாங்கம். சீனத்தின் ஃபூஜியன், குவாங்டோங் மாகாணத் துறைமுகங்களிலிருந்து 'ஜங்க்' எனப்படும் சீனப் பாய்மரக் கப்பல்கள் முதல் காற்றில் இறங்கிவந்து, இரண்டாவது காற்றில் ஏறிச்சென்றன. கம்பெனியின் அதிகாரியான ராஃபிள்ஸ் 1819 பிப்ரவரி 6 அன்று ஜோகூரின் சுல்தான் ஹுசைனோடும் உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங் அப்துல் ரஹ்மானோடும் உடன்படிக்கை செய்து சிங்கப்பூரில் கம்பெனிக் கொடியை ஏற்றி இரண்டே ஆண்டுகளில், 1821 பிப்ரவரியில், ஃபூஜியனின் அமோய்த் துறைமுகத்திலிருந்து நேராக முதல் ஜங்க் அங்கு வந்து சேர்ந்தது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற செய்தி கடல்வழி வணிகர்களிடையே எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தக் கப்பல்களை எங்கிருந்து வந்தவை என்று தூரத்திலேயே அடையாளம் காண முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங் அரசு பிறப்பித்த ஆணையின்படி, கடலோடிக் கப்பல்களின் முன்பகுதிக்கு மாகாணத்துக்கு ஒரு நிறம் பூசப்பட்டது. குவாங்டோங் கப்பலுக்குச் சிவப்பு, ஃபூஜியன் கப்பலுக்குப் பச்சை. முகப்பின் இருபுறமும் பெரிய கண்கள் தீட்டப்பட்டிருக்கும். மூங்கில் பிளாச்சிகளால் விறைப்பாக்கிய பாய்கள் மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும். ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் என்ற ஆங்கிலக் கடலோடி 1837-இல் வெளியிட்ட நூலில், கிறிஸ்துமஸை ஒட்டி வரும் பருவத்தின் முதல் ஜங்கைச் சிங்கப்பூர் எப்படி எதிர்பார்த்திருந்தது என்பதை விவரித்திருக்கிறார். கிழக்கே காவலிருந்த மலாய்ச் சம்பான் படகு செய்தி கொண்டுவந்ததும் சீனத் தெருக்களில் ஓட்டமும் நடையுமாகச் செய்தி பரவும். மிதக்கக்கூடிய எதுவானாலும் அதில் ஏறி ஊர்ச்செய்தி கேட்கச் சீனர்கள் கப்பலை நோக்கிப் போவார்கள். நங்கூரமிட்ட கப்பலின் தளமே கடைவீதியாக மாறும். பீங்கான், ஓடு, தேயிலை, குடை, காகிதம், ஊதுபத்தி, நூற்சேமியா, பட்டு, பருத்தித் துணி என்று இறங்கிய சரக்குக்கு மாற்றாகப் பறவைக்கூடு, கடலட்டை, சுறாத்துடுப்பு, மிளகு, காம்பிர், வெள்ளீயம், பிரம்பு, கற்பூரம் ஆகியவையும், கல்கத்தாவிலிருந்து வந்த அபினும், ஐரோப்பியத் துணிகளும் ஏறிச்சென்றன.

ஜங்கின் உள்ளமைப்பு அதன் வணிக அமைப்பையும் சொல்லிவிடும். கப்பலின் வயிறு குறுக்குப் பலகைகளால் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவற்றில் நீர் புகாது என்பது அதன் கடல்சார்ந்த பயன். வணிகம் சார்ந்த பயன் வேறு. பல கப்பல்களில் மாலுமிக்குத் தனிக்கூலி என்று பெரிதாக எதுவும் கிடையாது. தன் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ள அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும், அதில் வரும் இலாபமே அவன் சம்பாத்தியம். சிங்கப்பூரின் ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் நிர்வாகத் தலைவராக, 1823 முதல் 1826 வரை இருந்த ஜான் கிராஃபர்டு இதை வியந்து பதிவு செய்தவர்களுள் ஒருவர். ஐரோப்பியக் கப்பலில் ஒரு முதலாளியும் பல கூலிக்காரர்களும் வந்தார்களென்றால், ஜங்கில் வந்திறங்கியவர்களில் ஏறத்தாழ எல்லோருமே சிறுவணிகர்கள். எத்தனை பேரோ அத்தனை கணக்கு. அந்தக் கணக்குகளை ஒழுங்கில் வைத்திருப்பதற்கென்றே கப்பல் தலைவனான நகுதாவுக்கு அடுத்த நிலையில் ஒரு கணக்கர் இருந்தார் என்பதை 1617-இல் எழுதப்பட்ட சீன நூலொன்றே குறிப்பிடுகிறது.

கணக்கரைக் காட்டிலும் வியப்புக்குரியவர் மீகாமன், அதாவது திசைகாட்டியைப் பார்த்துக் கப்பலைச் செலுத்துபவர். அவரிடம் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கும். எந்த முனையிலிருந்து எந்தத் தீவுக்குத் திசைகாட்டியின் எந்தக் குறியில் எத்தனை சாமம் ஓட வேண்டும், எங்கே ஆழம் எவ்வளவு, அடியில் மணலா சேறா, எந்த மலை தெரிந்தால் எந்தப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். திசைகாட்டி வட்டம் இருபத்துநான்கு குறிகளாகப் பகுக்கப்பட்டது; பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாள் பத்துச் சாமமாகக் கொள்ளப்பட்டு, ஊதுபத்தி எரியும் அளவைக்கொண்டு கணிக்கப்பட்டது. கந்தம் எரிவதைக்கொண்டு தூரத்தை அளந்தார்கள் என்பது கேட்பதற்குக் கவித்துவமாக இருந்தாலும், செயலளவில் அது கறாரான கணக்கு. இத்தகைய சுவடிகளுள் ஒன்று எப்படியோ ஐரோப்பாவை அடைந்து, கான்டர்பரி பேராயர் வில்லியம் லாட் 1639-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்த நூல்களோடு சேர்ந்து, இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஆசிரியரின் பிரதியைப் பார்த்து மாணவன் கையால் படியெடுத்து, தன் பயணங்களில் கண்ட திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டே போன இந்தச் சுவடி மரபு, வகுப்பறையும் தேர்வும் இல்லாத ஒரு பள்ளி. தவறாகப் படித்தவன் பாறையில் மோதுவான்.

கரையில் நடந்த வணிகத்தின் ஓட்டமும் எழுத்தில்தான் இருந்தது. பிரிட்டிஷ் வணிகநிறுவனங்கள் துணியையும் அபினையும் சீன இடைத்தரகர்களுக்கு மாதக்கணக்கில் தவணை கொடுத்து விற்றன. மலாக்காவில் பிறந்து வளர்ந்து, மலாய் மொழியை வீட்டுமொழியாகக் கொண்டு, சிறிது ஆங்கிலமும் அறிந்திருந்த பாபா சீனர்களே அந்த இடைத்தரகர்களுள் முதன்மையானவர்கள். அவர்கள் ஜங்க் வணிகர்களோடும் தீவுகளிலிருந்து வரும் புகிஸ் மாலுமிகளோடும் பண்டமாற்றுச் செய்து, நிறுவனங்களுக்கு மிளகாகவும் ஈயமாகவும் கடனை அடைத்தார்கள். பேரேடு சீன எழுத்தில். தொகைகள் சீனக் கடைக்காரர்களுக்கே உரிய சுருக்க எண்குறிகளில். கூட்டலும் கழித்தலும் மணிச்சட்டத்தில். கடன் கொடுத்த ஐரோப்பியர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அந்தப் பேரேட்டின் ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத ஏட்டை நம்பிப் பெருந்தொகைகளைக் கைமாற்றியவர்கள், அந்த ஏட்டை எழுதக் கற்றுக்கொடுத்த பள்ளிகளை மூடநம்பிக்கையின் இருப்பிடங்களாக எண்ணியது காலனிய வரலாற்றின் சாதாரண முரண்களுள் ஒன்று.

தமிழர்களுக்கும் இந்த வணிகத்தில் இடமிருந்தது. அது கற்பனைப் பெருமிதத்தால் வந்த இடமன்று. கப்பலிலிருந்து ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குச் சரக்கைக் கொண்டுசேர்த்த தொங்கான் எனப்படும் தட்டைப் படகுகளைச் சிங்கப்பூரின் முதல் பல பத்தாண்டுகளில் பெருமளவில் ஓட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். சந்தைத் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், சீன வணிகர்களுக்கும் அபின் வணிகத்துக்கும் பணம் கொடுத்தார்கள். கிட்டங்கி என்பது கடையும் தங்குமிடமும் கிடங்கும் சேர்ந்த நீண்ட கூடம். ஒவ்வொரு செட்டியாருக்கும் அதில் ஒரு பெட்டியும் ஒரு பாயும். செட்டிநாட்டுத் திண்ணைப்பள்ளியில் எண்சுவடியையும் கீழ்வாயிலக்கத்தையும், அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களின் வாய்பாட்டையும், மனனம் செய்துவிட்டுக் கப்பலேறிய சிறுவன், பெட்டியடிப் பையனாக அமர்ந்து, அடுத்தாளாகி, பிறகு முகவராக உயர்ந்தான். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதுவரைக்கும் வட்டியை மனத்தாலேயே கணக்கிடப் பழகிய பையனுக்கு எந்த ஆங்கிலப் பள்ளியும் அந்தக் காலத்தில் புதிதாகக் கற்பித்திருக்கக்கூடிய கணக்கு அதிகமில்லை.

ஜங்குகள் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை. 'சின்கே', அதாவது புதுவிருந்தாளி, எனப்பட்ட புதுக் குடியேறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பயணக்கட்டணம் செலுத்த வழியில்லாதவனைக் கப்பலிலேயே நிறுத்திவைத்து, கரையிலுள்ள முதலாளி ஒருவர் அந்தத் தொகையைக் கட்டியபின், ஈடாகக் குறிப்பிட்ட காலம் அவரிடம் உழைக்க அனுப்புவது வழக்கம். அந்த ஒப்பந்தச் சீட்டில் அவர்களில் பலர் எழுதத் தெரியாமல் குறியிட்டார்கள் என்பதை மறந்துவிட்டு, துறைமுகத்தின் எழுத்தறிவைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. கணக்கு அறிந்தவன் ஏட்டின் இந்தப்பக்கமும், அறியாதவன் அதன் அந்தப்பக்கமும் இருந்தான்.

ஃபூஜியன் கிராமங்களின் பள்ளிமுறையும் அதே கப்பல்களில் வந்தது. குலக்கோயிலிலோ ஆசிரியரின் வீட்டிலோ நடந்த அந்தப் பள்ளிகளில், மும்மூன்று எழுத்துகளாலான அடிகளைக் கொண்ட தொடக்கநூல், குடும்பப்பெயர்களின் பட்டியல், ஆயிரம் எழுத்து நூல் என்ற வரிசையில் பாடம் நடக்கும். பொருள் தெரிவதற்கு முன்பே நூல் முழுவதும் மனப்பாடமாக வேண்டும். மாணவன் ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று, ஏட்டைப் பாராமல் ஒப்பிப்பான். பொருள் விளக்கம் சில ஆண்டுகள் கழித்தே தொடங்கும். அதற்குள் பாதிப்பேர் வயலுக்கோ கடைக்கோ போயிருப்பார்கள். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அவ்வாறே ஓதிய மரபிலிருந்து வருகிற தமிழ் வாசகர்க்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. பெண்குழந்தைகள் இதில் அநேகமாக இல்லை.

ஜங்க் வணிகத்தின் செல்வம் பள்ளியாக மாறியதைச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் கண்ணாலேயே காணலாம். இன்று வானளாவிய கட்டடங்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் இந்தத் தெருவே அன்று கடற்கரை. கடலைக் கடந்துவந்தவர்கள் கடலன்னை மாட்சுவுக்கு நன்றி செலுத்திய சிறு கொட்டில் இருந்த இடத்தில் தியான் ஹொக் கெங் கோயில் 1839-க்கும் 1842-க்கும் இடையில் எழுந்தது. அதே வரிசையில், 1828-இல் தொடங்கி 1830-க்குள் கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் பெயரால் சூலியாக்கள் எழுப்பியது. சற்றுத் தள்ளி, 1827-இல் ஓலைக்கொட்டகையாகத் தொடங்கிய அவர்களுடைய பள்ளிவாசல். ஒரே பருவக்காற்றுக்கு அஞ்சிய இரண்டு சமூகங்கள் ஒரே தெருவில் நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கின்றன. கோயிலை ஒட்டி 1849-இல் தொடங்கி 1852-இல் நிறைவுற்ற சுங் வென் கே என்ற மண்டபம், எழுத்தைப் போற்றுவதற்கென்று கட்டப்பட்டது. சிங்கப்பூரில் சீனர்கள் தாமே எழுப்பிய முதல் கல்விக் கட்டடம் அது என்று பலரும் கொள்வர். எழுத்துப் பதிந்த காகிதத்தைக் காலால் மிதிக்கவோ குப்பையில் எறியவோ கூடாது என்பதால், தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிவந்து முறையாக எரிப்பதற்கு அங்கே தனி உலை இருந்தது. கிழிந்த சரக்குப்பட்டியலும் தீர்ந்துபோன கடன்சீட்டும் எழுத்து என்ற ஒரே தகுதியால் அந்த நெருப்புக்கு உரியவையாயின.

இரண்டே ஆண்டுகளில், 1854-இல், அருகிலிருந்த அமோய்த் தெருவில் சுய் எங் என்ற இலவசப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் முதன்மைப் புரவலர் டான் கிம் செங் மலாக்காவில் பிறந்த பாபா வணிகர். நகருக்கு நன்னீர் கொண்டுவர 1857-இல் பதின்மூவாயிரம் டாலர் கொடுத்தவரும் அவரே. வீட்டில் மலாய் பேசி, கடையில் ஆங்கிலேயரோடு வணிகம் செய்து பொருளீட்டிய ஒருவர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபூஜியன் மக்களின் ஹொக்கியன் மொழியில் கன்ஃபூசியப் பனுவல்களைக் கற்பிக்கப் பணம் கொடுத்தார் என்பதைப் பழமைப்பற்று என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ஃபூஜியனிலிருந்து வரும் நகுதா ஒருவர் மலாக்காக்காரர் ஒருவருடைய சொல்லை நம்ப வேண்டுமானால், இருவரும் ஒரே எழுத்தை, ஒரே நூல்களை, ஒரே ஒழுக்க வழக்கை அறிந்திருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக நேரமில்லாத கடன்வணிகத்தில் அந்த ஒழுக்க வழக்கே பிணை. சுய் எங் பள்ளி 1954 வரை நடந்தது.

மலாய்ப் பக்கத்தைப் பற்றி நமக்கு நெருக்கமான சித்திரம் கிடைப்பது முன்ஷி அப்துல்லா என்று வழங்கப்படும் அப்துல்லா பின் அப்துல் காதிரின் தன்வரலாற்றிலிருந்து. யேமனிலிருந்து தமிழகக் கரைக்கு வந்து மணம்புரிந்து தங்கிய ஒருவரின் வழியில், 1796-இல் மலாக்காவில் பிறந்த அவர், 1843-இல் எழுதி முடித்து 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியிட்ட ‘ஹிகாயத் அப்துல்லா’ நவீன மலாய் உரைநடையின் தொடக்க நூல்களுள் தலையாயது. அவருடைய பாட்டி மலாக்காவில் ஏறக்குறைய இருநூறு ஆண், பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்தார். மரப்பலகையில் எழுதி, ஓதி, கழுவி, மீண்டும் எழுதும் முறை. தண்டனைகளை அப்துல்லா ஒரு கருவிப்பட்டியல்போல நிதானமாக விவரிக்கிறார். 'சீன இடுக்கி' என்று அங்கு பெயர்பெற்ற ஒன்று, ஒருமுனையில் சேர்த்துக் கட்டிய நான்கு பிரப்பங்குச்சிகள். விரல்களை இடையில் வைத்து மறுமுனைக் கயிற்றை இழுத்தால் நெரியும். தமிழ்நாட்டில் வரிவசூலிப்பவர்கள் கையாண்டு இழிபெயர் பெற்ற கிட்டியின் உடன்பிறப்பு அது. இன்னொன்று, இடக்கையால் வலச்செவியையும் வலக்கையால் இடச்செவியையும் பற்றிக்கொண்டு ஓயாமல் உட்கார்ந்து எழுவது. பிள்ளையாருக்கு முன்னால் தமிழர்கள் விருப்பத்தோடு செய்யும் தோப்புக்கரணத்தை, மலாக்காவின் பள்ளிப்பிள்ளைகள் அழுதுகொண்டே செய்திருக்கிறார்கள்.

அப்பள்ளியை முடித்தபின் அப்துல்லா தமிழ் கற்க அனுப்பப்பட்டார். மலாக்காவின் வணிகம் நெடுங்காலம் தமிழர் கையில் இருந்ததால், அங்குள்ள வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்காகத் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்று அவரே காரணமும் சொல்கிறார். அவர் அதில் செலவிட்டது இரண்டரை ஆண்டு. பிறகு கோட்டையிலிருந்த சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்று, அவர்களுக்கு மலாய் கற்பித்ததில் 'முன்ஷி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. மலாக்காவில் 1818-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலோ சீனக் கல்லூரியின் பாதிரிமார்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றுக்கொண்டார். ஒரு துறைமுகம் ஒரு மனிதனுக்குக் கொடுத்த கல்வி இது. எந்த ஒரு பள்ளியும் இதைத் திட்டமிடவில்லை. தெருவுக்கொன்றாகக் கிடந்த பள்ளிகளைத் தன் தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளும் வாய்ப்பு, நகரத்தில் பிறந்த, கொஞ்சம் வசதியுள்ள ஆண்பிள்ளைக்கு இருந்தது. கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கு முதல் பள்ளியோடு எல்லாம் முடிந்தது. அரபு எழுத்தைக் கூட்டி குர்ஆனை முழுவதும் ஓதத் தெரிந்தவனுக்குத் தன் சொந்த மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாது என்பதே அப்துல்லா வாழ்நாளெல்லாம் சொல்லிச்சொல்லி வருந்திய குறை. அரச கடிதத்தோடு 1838-இல் கிளந்தானுக்குக் கடற்பயணம் போனபோதும், வழிநெடுகிலுமுள்ள கிழக்குக்கரை அரசுகளைப் பற்றி இதே குறையைத்தான் எழுதினார். மலாய் இலக்கணத்தைக் கற்பிக்கப் பள்ளி வேண்டும் என்றார். மலாய் மக்கள் கடலைவிட்டு விலக வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ராஃபிள்ஸ் அந்தக் குறையை வேறுவிதமாகப் பார்த்தார். 1823 ஜூன் 5 அன்று சிங்கப்பூர்க் கல்விக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டி, சில நாட்களிலேயே நிரந்தரமாகத் தீவை விட்டுப் புறப்பட்டார். அரசகுலத்துப் பிள்ளைகளுக்கும் கம்பெனி அலுவலர்களுக்கும் கிழக்கின் மொழிகளையும் மேற்கின் அறிவியலையும் ஒருங்கே கற்பிக்கும் பேரவாவான திட்டம் அது. அடுத்து வந்த கிராஃபர்டு, இந்த நகருக்கு வேண்டியது தொடக்கப்பள்ளிகளே என்று கருதி அதில் ஆர்வம் காட்டவில்லை. கட்டடம் பாதியில் நின்று மழையில் நனைந்தது. கடைசியில் 1834-இல் தொடங்கப்பட்ட இலவசப் பள்ளியொன்று 1837-இல் அந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அதில் ஆங்கிலத்தோடு தமிழ், மலாய், சீன வகுப்புகளும் சிலகாலம் முயலப்பட்டன; ஒன்றும் வேரூன்றவில்லை. கிட்டங்கிக்குப் போகும் பையனுக்கும் ஜங்க் வணிகரின் மகனுக்கும் வேண்டியது அங்கே கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்தர் வேலையை நாடியவனுக்கு மட்டும் கிடைத்தது.

கிராமத்தை நோக்கி அரசு உண்மையாகவே திரும்பியது 1872-இல் பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஏ. எம். ஸ்கின்னர் அமர்ந்தபின். ஸ்கின்னர் செய்தது புத்திசாலித்தனமான காரியம்: ஏற்கெனவே இருந்த குர்ஆன் பள்ளியை ஒழிக்காமல், அதே ஆசிரியரையும் அதே கொட்டகையையும் கொண்டு, காலையில் அரசின் சம்பளத்தில் மலாய் எழுத்தும் கணக்கும், பிற்பகலில் பெற்றோரின் செலவில் குர்ஆனும் என்று பிரித்தார். பெற்றோரின் ஐயம் இதனால் ஓரளவு தணிந்தது. அப்துல்லா கேட்ட தாய்மொழிப் பள்ளி, அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குள் உருவாயிற்று எனலாம். ஆனால் அந்தப் பள்ளிக்கு மேற்படி எதுவும் கட்டப்படவில்லை. இந்தியாவில் ஆங்கிலம் கற்று வேலையின்றி அலைந்த இளைஞர்களைப் பற்றிய அச்சம் மலாயாவின் அதிகாரிகளை விடாது தொற்றியிருந்தது. 1916-இல் மலாய்க் கல்விக்குப் பொறுப்பேற்ற ஆர். ஓ. வின்ஸ்டெட், ஜாவாவையும் பிலிப்பைன்ஸையும் பார்த்துவந்து மறுவருடம் அளித்த அறிக்கையின்படி, தோட்ட வேலையும் கூடை முடைதலும் பாடத்திட்டத்தின் நடுநாயகமாயின. தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1920-இல் நோக்கத்தை ஒளிக்காமல் சொன்னார்: மீனவன் மகனை அவன் தந்தையைவிட விவரமுள்ள மீனவனாகவும், உழவன் மகனை அவ்வாறே உழவனாகவும் ஆக்குவதே அரசின் எண்ணம். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று கூட்டமைப்பு மலாய் அரசுகளில் விதித்தபோது, ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான்.

இதில் சூழ்ச்சியை மட்டும் காண்பது எளிது, போதாது. வின்ஸ்டெட் மலாய் இலக்கியத்தை ஆழ்ந்து கற்ற அறிஞர். கிராமம் அழிந்துவிடக் கூடாது என்று அவரைப்போன்றோர் உள்ளபடியே கருதினார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1922-இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் கூடை முடையக் கற்றவர்களுள் ஒருவரான இப்ராஹிம் யாக்கோப்தான் 1938-இல் காலனி ஆட்சிக்கு எதிரான முதல் மலாய் அரசியல் இயக்கங்களுள் ஒன்றைத் தோற்றுவித்தார். ஆனாலும் குறை குறைதான். கிராமத்தையும் துறைமுகத்தையும் பகையெனக் கண்ட அந்தப் பார்வை, மலாய்க் கிராமங்களில் பல கடலோடிகளின் கிராமங்கள் என்பதையும், அவர்களுடைய சம்பான்களே ஜங்குகளின் வருகையை முதலில் அறிந்து சொல்லி, அவற்றின் சரக்குக்குக் கடலட்டையும் பிரம்பும் சேர்த்துக் கொடுத்தன என்பதையும் காணவில்லை. வரியில்லாத துறைமுகத்தில் பண்டத்துக்கு இருந்த சுதந்திரம் பள்ளிப்பிள்ளைக்குத் தரப்படவில்லை.

அதற்குள் ஜங்குகளும் போய்விட்டிருந்தன. நான்கிங் உடன்படிக்கை 1842-இல் சீனத்தின் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டதும், ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்கு வந்ததும், சிங்கப்பூரில் வந்துதான் ஐரோப்பியச் சரக்கை வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. நீராவிக்கப்பலுக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை. 1869-இல் சூயஸ் திறந்தது. தெலுக் ஆயரின் கடல் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, கோயிலும் தர்காவும் கரையிலிருந்து விலகின. சீன வணிகர்கள் பள்ளி கட்டுவதை நிறுத்தவில்லை. 1906-இல் ஹொக்கியன் சமூகம் தொடங்கிய தாவ் நான் பள்ளியில் பழைய மனனப் பாடங்களுக்குப் பதில் புவியியலும் அறிவியலும் வந்தன. அரைநூற்றாண்டுக்கு மேலாக அரசு கண்டும்காணாமல் விட்டிருந்த அந்தப் பள்ளிகள், 1919-இல் சீனாவின் மாணவர் கிளர்ச்சி சிங்கப்பூர்த் தெருக்களிலும் எதிரொலித்தபின் திடீரென்று கண்ணில் பட்டன. மறுவருடமே எல்லாப் பள்ளிகளும் ஆசிரியர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. மலாய்ப் பள்ளிகளில் அப்போது வாசிப்புப் பாடமாக இருந்த நூல்களுள் ‘ஹிகாயத் அப்துல்லா’வும் ஒன்று. கணக்குக்காகத் தமிழும், பிழைப்புக்காக இந்துஸ்தானியும், ஆர்வத்தால் ஆங்கிலமும் கற்ற துறைமுகத்து முன்ஷியின் வாழ்க்கையைப் படித்த பிள்ளைகள், அடுத்த பாடவேளையில் கூடை முடைந்தார்கள்.